எக்ஸ்ரே அழகாக இருந்தது, கட்டைவிரல் எழவில்லை

வாசகர் கேள்வி:

எனக்கு 34 வயது. எலும்பு மூட்டு அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்று, கை, மணிக்கட்டு அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சியும் முடித்திருக்கிறேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கும், ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் முழுநேரப் பணிக்கும் ஒரே மாதத்தில் அழைப்பு வந்திருக்கிறது. கல்லூரியில் சம்பளம் பாதிக்கும் குறைவு. ஆய்வு, வகுப்பு, கூட்டம் என்று அலைந்தால் கை மழுங்கிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ஆய்வுக் கட்டுரை என்பதே பதவி உயர்வுக்கான எண்ணிக்கைதானே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் கல்லூரி ஆசை விடவில்லை. தனியார் மருத்துவமனைக்கு இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தில் சம்பளம் வந்தது, கட்டுரை வந்தது, கூட்டம் வந்தது, நண்பர்கள்கூட வந்தார்கள். நீங்கள் அறுவை செய்த நோயாளி ஒருவரைத்தான் காணவில்லை. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அந்த விட்டுப்போன ஆளிடம்தான் இருக்கிறது என்பதால், என் நோயாளி ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரியில் நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. வழுக்கி விழுந்து மணிக்கட்டு நொறுங்கிய ஒரு தையல்கார அம்மா வந்தார். உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் முனையில் உலோகப் பிளேட் வைத்து, ஸ்க்ரூக்களை முறுக்கினேன். எக்ஸ்ரேயில் மூட்டின் பரப்பு விரிசல் தெரியாமல் சேர்ந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் படத்தை அடுத்த வாரமே வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டினேன். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவர் வேறு யாருக்கோ துணையாக மருத்துவமனைக்கு வந்தார். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி அருகே வந்து, "கத்தரிக்கோல் விரிய மாட்டேன் என்கிறது டாக்டர்" என்றார். உள்ளே அழைத்துப்போய், மேசைமேல் உள்ளங்கையைப் படிய வைத்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னேன். மற்ற நான்கு விரல்களும் தவித்தன. கட்டைவிரல் மேசையோடு ஒட்டிக் கிடந்தது. தன் விரல்தானா அது என்பதுபோல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைவிரலை மேலே தூக்கும் தசைநாண் மணிக்கட்டின் பின்புறத்தில் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. என் ஸ்க்ரூக்களில் ஒன்று எலும்பைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. விரலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் தசைநாண் அந்த முனையில் உரசி, கிணற்றுக் கயிறுபோல் புரி புரியாகத் தேய்ந்து, ஒருநாள் அறுந்துவிட்டது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இது தெரியாது. ரேடியஸின் பின்புறம் தட்டையானதல்ல, நடுவில் கூரை முகடுபோல் ஒரு மேடு உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த மேடு ஸ்க்ரூ முனையை மறைத்துவிடும். மணிக்கட்டை நன்றாக மடக்கி, எலும்பின் நீளவாக்கில் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தால்தான் முனை அகப்படும். நான் அந்தப் படத்தை எடுக்கவில்லை.

ஆள்காட்டி விரலை நீட்ட இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குச் சேர்த்துத் தைத்தோம். சில மாதங்களில் அவர் மீண்டும் துணி வெட்டினார். அதோடு அந்தக் கதை முடிந்திருக்கலாம். தற்செயலாகத் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டதால்தான் இது எனக்குத் தெரிந்தது என்ற நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. எதிர்ப்படாதவர்கள் எத்தனை பேர்? முந்தைய ஆண்டு நான் பிளேட் வைத்த மணிக்கட்டுகளின் பட்டியலை ஒரு முதுநிலை மாணவரும் நானும் உட்கார்ந்து எடுத்தோம். தொலைபேசியில் அழைத்தோம், கடிதம் போட்டோம். வந்தவர்களுக்கு அந்த மடக்கிய கோணத்தில் படம் எடுத்தோம். இன்னும் இருவருக்கு முனை நீட்டிக்கொண்டிருந்தது. தசைநாண் அறுவதற்கு முன்பே ஸ்க்ரூவைக் கழற்றினோம். அன்றிலிருந்து எங்கள் அறுவை அரங்கில் இரண்டு விதிகள்: அந்தப் படம் எடுக்காமல் காயத்தை மூடக்கூடாது, அளவுக்கோல் காட்டும் நீளத்தைவிடக் குறைவான ஸ்க்ரூவைத்தான் முனைப்பகுதியில் போட வேண்டும். எலும்பின் பருமனில் முக்கால்வாசி நீளமே பிடிமானத்துக்குப் போதும் என்று ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. அந்த மாணவர் இதையே தன் ஆய்வேடாக எழுதினார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் நோயாளிகளின் கட்டைவிரல்கள் பிழைத்தன.

இதே தவறு தனியார் மருத்துவமனையிலும் நடக்கும். அங்கேயும் திருத்துவார்கள், ஒருவேளை என்னைவிட நன்றாகவே. ஆனால் பழைய பட்டியலைத் தோண்டி எடுக்க அங்கே யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். கல்லூரிப் பணியில் அந்த நேரம் உங்கள் வேலையின் ஒரு பகுதி, குறைந்தபட்சம் தாளிலாவது.

நம் தொழிலில் இதை முதலில் உரக்கச் சொன்னவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் காட்மன். தோள்பட்டையைப் பற்றி நாம் இன்று சொல்லும் பலவற்றில் அவர் கைவண்ணம் உண்டு. ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டாவது பின்தொடர்ந்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லையென்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். இன்று யாரும் மறுக்காத இந்த யோசனைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தான் இருந்த பெரிய மருத்துவமனையை 1914-இல் விட்டு விலகினார். 1915-இல் மருத்துவர்கள் கூடிய கூட்டத்தில், மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் உதைத்துத் தள்ளும் தீக்கோழியாக நகரத்துப் பணக்காரர்களை வரைந்து தொங்கவிட்டார். (படம் போட்டது அவசியமா என்று கேட்டால், எனக்கு அந்தத் துணிச்சல் வராது.) தன் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் முடிவுகளையும், அவற்றில் நேர்ந்த 123 பிழைகளையும் அவரே அச்சிட்டு வெளியிட்டார். 1940-இல் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 2014-இல்தான் வைத்தார்கள்.

இனி, கட்டுரை என்றால் எண்ணிக்கைதானே என்ற உங்கள் சந்தேகம். பெரும்பாலும் ஆமாம். பதவி உயர்வுக்காகவே எழுதப்பட்டு, எழுதியவரும் திருத்தியவரும் தவிர வேறெவரும் படிக்காத கட்டுரைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழ்களிலிருந்து உங்களுக்கும் தினம் நான்கு மின்னஞ்சல் வரும். அழித்துவிடுங்கள். அவற்றில் ஒன்றில் உங்கள் பெயர் ஏறினால் பிறகு துடைக்க முடியாது. துறைத்தலைவர் தன் பழைய கோப்புகளைக் கொடுத்து, "இதிலிருந்து ஏதாவது எழுது" என்று சொன்னாலும் அடக்கமாக நழுவிவிடுங்கள். கேள்வி இல்லாமல் தரவிலிருந்து தொடங்கிய கட்டுரை எதுவும் எனக்குத் தெரிந்து உருப்பட்டதில்லை.

கேள்வியிலிருந்து தொடங்கியது எப்படி இருக்கும் என்பதற்கு இடுப்பு மூட்டு மாற்று ஒன்றே போதும். இங்கிலாந்தில் எலும்பு அறுவை நிபுணர் ஜான் சார்ன்லி முதலில் இடுப்புக் குழிக்கு டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கால் கிண்ணம் செய்து வைத்தார். நடக்கவே முடியாதவர்கள் வலியில்லாமல் நடந்து போனார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன, தேய்ந்த துகள் சுற்றியிருந்த எலும்பை அரித்தது. ஏறத்தாழ 300 நோயாளிகள். நோயாளிகள் திரும்பி வந்ததால்தான், வந்தவர்களை அவர் உட்கார வைத்துப் பார்த்ததால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. கிண்ணம் செய்யும் பொருட்களை உடல் எப்படி ஏற்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அவற்றின் மாதிரிகளைச் செலுத்திக்கொண்டார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். பாலிஎத்திலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக் துண்டு ஒன்று அவர் கைக்கு வந்தபோது, நகத்தால் அழுத்திப் பார்த்து உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் தன்போக்கில் அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டி, இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. 1962 நவம்பரில் சார்ன்லி அந்தக் கிண்ணத்தை நோயாளிக்கு வைத்தார். அதன் வம்சம்தான் இன்றும் உலகம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் போகும் கல்லூரியில் பேராசிரியர் யார் என்று விசாரித்திருப்பீர்கள். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒரு கிரேவன் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்தீர்களா? பொறியாளர், புள்ளியியல் தெரிந்தவர், இயன்முறை மருத்துவர், கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஓர் எழுத்தர். இவர்களில் இருவராவது இல்லாத துறையில் நீங்கள் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் தனி மரம்தான்.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. நமக்குப் பிடித்த அறுவை சிகிச்சையே பயனற்றது என்று தெரியவரலாம். முழங்கால் தேய்மானத்துக்குத் துளை வழியாகக் கருவியை விட்டுக் கழுவிச் செதுக்கும் சிகிச்சை ஒரு காலத்தில் நம் அனைவரின் வாரப் பட்டியலிலும் இருந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டு பார்த்ததில், உள்ளே சென்று செதுக்கியவர்களுக்கும் கழுவியவர்களுக்கும் வெறும் கீறல் பட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசமில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த வாரம் என் பட்டியலில் அப்படிப்பட்ட இரண்டு முழங்கால்கள் இருந்தன. ஒன்றைத் தள்ளிவைத்தேன். இன்னொன்றைச் செய்தேன். ஏன் செய்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. முடிவுகளைக் கணக்கெடுக்கும் வேலைக்கு வந்தால் இப்படிப்பட்ட வாரங்கள் உங்களுக்கும் வரும்.

கை மழுங்குமா? மழுங்கும், பரப்பிக்கொண்டால். திங்களன்று முதுகெலும்பு, புதனன்று முழங்கால், இடையில் இரண்டு கூட்டம் என்றிருந்தால் நிச்சயம் மழுங்கும். கை, மணிக்கட்டு என்று குறுக்கிக்கொண்டு, வாரத்தில் ஒரு முழு நாளாவது உங்கள் பெயரில் அரங்கு இருந்தால் மழுங்காது. முதல் ஐந்து ஆண்டுகள் எந்தக் குழுவிலும் செயலாளராகாதீர்கள். செயலாளர் பதவி எப்போதும் இளையவரைத் தேடித்தான் வரும், பாராட்டோடு வரும். இரவு விபத்துப் பணியை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். கை தேறுவது அங்கேதான்.

மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது கையைக் கெடுக்காது, பொறுமையைச் சோதிக்கும். டிரில் இன்னொருவர் கையில் இருக்கும்போது உங்கள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வித்தை என்பேன். எலும்பின் மறுபக்கச் சுவரை டிரில் தாண்டும் கணத்தில் அதன் ஓசை மாறும். அந்த மாற்றத்துக்கு முன்னாலேயே மாணவர் அழுத்தத்தைக் குறைக்கிறாரா என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல ஆண்டுகள் தானாகச் செய்த ஒன்றை வார்த்தையில் சொல்ல நேர்ந்த பிறகுதான், நான் என்ன செய்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது. அரங்கில் கத்தும் பேராசிரியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கத்தினால் மாணவர் தவறு செய்வதை நிறுத்துவதில்லை, தவறைச் சொல்வதைத்தான் நிறுத்துகிறார்.

பணம் குறைவு. இதைப் பூசி மெழுக முடியாது. உங்கள் துணையிடம் காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். மனநிறைவு, கௌரவம் என்ற சொற்களை அந்தக் காகிதத்தில் சேர்க்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பெயர் வந்ததும் உடலுக்குள் பொருத்தும் பிளேட், செயற்கை மூட்டு போன்ற இம்பிளான்ட்களைச் செய்யும் நிறுவனங்கள் ஆலோசகர், பேச்சாளர் என்று கதவைத் தட்டும். எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன், நல்ல கருவிகள் அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் வாங்கியதை வெளியே சொல்லுங்கள். அவர்கள் பொருளின் முடிவை அவர்கள் கொடுத்த எண்ணிலிருந்து எழுதாதீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அதன் கோளாறு ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டில் முன்பே கண்ணில் பட்டது. அங்கே எந்த அறுவை நிபுணரின் திறமையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும், மறுமுறை திறக்க நேர்ந்த ஒவ்வொரு இடுப்பையும் சலிக்காமல் எழுதிவைத்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சுவீடன் முழங்கால் மாற்றுக்கு 1975-லேயே இப்படி ஒரு பதிவேட்டைத் தொடங்கிவிட்டது.

பலன் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். பிறவி வளைபாதத்தைக் கத்தியில்லாமல் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டே நேராக்கலாம் என்று அமெரிக்காவில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி எழுதியது 1963-இல். உலகம் காதுகொடுக்க 1990-களின் பிற்பகுதி ஆனது. அதற்குள் அவர் ஓய்வுபெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுபடி வேலைக்கு வந்தும் விட்டார். தன்னிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, அவர்கள் பாதம் எப்படி இருக்கிறது என்ற முப்பதாண்டுக் கணக்கு கையில் இருந்ததுதான் அவரது பலம்.

சரி, இரண்டு வாரத்தில் என்ன செய்வது? முதலில் தனியார் மருத்துவமனையில் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள், கொடுப்பார்கள். கல்லூரிக்குப் போய் துறைத்தலைவரின் அறையில் உட்காராமல், வெளிநோயாளர் பிரிவில் ஒரு மூலையில் அரை நாள் உட்காருங்கள். அறுவை முடிந்து ஓராண்டு ஆனவர்கள் வரிசையில் இருக்கிறார்களா, அவர்களை யார் பார்க்கிறார்கள், பார்த்ததை எங்கே எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு துறைத்தலைவரிடம் இரண்டே கேள்வி. என் பெயரில் அரங்கு எந்த நாள்? உங்கள் துறையில் முடிவுகளைப் பார்த்து நீங்கள் கைவிட்ட சிகிச்சை எது? இரண்டாவதற்கு அவர் சட்டென்று பதில் சொன்னால் நல்ல இடம். கோபப்பட்டால் ஓடிவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

மிச்சமுள்ள நாட்களில் வேறொரு வேலை. பயிற்சிக் காலத்தில் உங்கள் கையால் அறுவை செய்த பத்துப் பேரை, பழைய மருத்துவமனையின் அனுமதியோடு, தொலைபேசியில் அழையுங்கள். இப்போது கை எப்படி இருக்கிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு அழைப்பிலேயே சலிப்புத் தட்டினால் தயங்காமல் தனியார் மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல கையுள்ள, நேர்மையான அறுவை நிபுணர் அங்கேயும் தேவை, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான்காவது ஆள் "எல்லாம் சரிதான், ஆனால்..." என்று இழுக்கும்போது நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்களானால், உங்கள் பதிலைத் துணையிடம் சொல்லிவிட்டு கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள்.

அழைக்கும்போது பேனா வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மேசைமேல் வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.